வெளி நிறுவன டெலி சூம் லென்ஸ்: எதில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ முதன்முதலாக டிஎஸ்எல்ஆர் கமெரா வாங்குகிறவரின் கைக்கு, பெரும்பாலும் கமெராவோடு சேர்ந்து 18–55 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றும் வந்துவிடுகிறது. பிறந்தநாள் விழாவுக்கும் கோயில் முகப்புக்கும் அது போதும். அதே கமெராவை எடுத்துக்கொண்டு இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டில் ஏறி நின்றால், கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற நாரை படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கிவிடும். அன்றைக்கே, தூரத்துப் பொருளைப் பெரிதாக்கி எடுக்க உதவும் டெலி சூம் லென்ஸ் பற்றிய விசாரிப்புத் தொடங்கும். கெனன், நிக்கன் நிறுவனங்களின் சொந்த லென்ஸ்களில் நல்லவை சில, கமெராவின் விலையையே தாண்டி நிற்கும். ஏறக்குறைய அதே எண்கள் பொறித்த சிக்மா, டம்ரன், டொக்கினா லென்ஸ்கள் அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். இந்த விலை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தொடக்கநிலையில் உள்ளவர்களுக்கு விளங்கப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கமெராவைச் செய்த நிறுவனம் அல்லாத இன்னொரு நிறுவனம், அந்தக் கமெராவில் பொருந்தும்படி செய்து விற்கும் லென்ஸைக் கடைகளில் தேர்ட் பார்ட்டி லென்ஸ் என்பார்கள். இங்கே அதனை வெளி நிறுவன லென்ஸ் என்று குறிப்பிடுகிறேன். இவற்றைப் போலிப் பொருள்கள் என்று எண்ணுகிறவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், அது தவறு. டம்ரன் 1950இலும் சிக்மா 1961இலும் ஜப்பானில் தொடங்கப்பட்டவை. லென்ஸ் செய்வதையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவை. ஆகவே விலை குறைவு என்றதும் கண்ணாடி மட்டமானது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. ஆனாலும் விலை குறைந்ததற்குக் காரணம் ஒன்று நிச்சயம் இருக்கும். ஒரு லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தைச் சிறிதாக்கி மிச்சம் பிடித்திருப்பார்கள். இன்னொன்றில் கையின் அசைவால் படம் மங்காமல் காக்கும் நடுக்கத் தடுப்பை விட்டிருப்பார்கள். வேறொன்றில் போக்கஸை நகர்த்தும் மோட்டர் பழைய வகையாக இருக்கும். மற்றொன்றில் தூசு புகாமல் தடுக்கும் இறப்பர் வளையம் இருக்காது. எதில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்து, அது நம்முடைய வேலையைப் பாதிக்குமா என்று கேட்டுப் பார்த்த பின்னரே விலையைப் பற்றிக் கதைக்க வேண்டும்.

எத்தனை மில்லிமீற்றர் தேவை?

லென்ஸின் மீது பொறித்திருக்கும் 70–300 போன்ற எண்கள் அதன் குவியத்தூரத்தைக் குறிப்பவை. பள்ளிக்கூடத்தில் குவிவு வில்லை ஒன்றை வெயிலில் பிடித்துக் கடதாசியைப் பொசுக்கியவர்களுக்கு இது புதிதல்ல. வில்லைக்கும் கடதாசிக்கும் இடையில், சூரியன் மிகச் சிறிய புள்ளியாகக் குவிகிற அந்தத் தூரமே குவியத்தூரம். அது கூடக்கூட, கமெராவுக்குள் படத்தைப் பதிவுசெய்யும் சென்சரில் விழும் உருவமும் பெரிதாகும். 70–300 என்பது, வளையத்தைத் திருப்பினால் குவியத்தூரம் 70 மில்லிமீற்றரிலிருந்து 300 மில்லிமீற்றர் வரை மாறும் என்பதன் சுருக்கம்.

வாங்க முன்னர் ஒரு சிறிய கணக்கைச் செய்து பார்ப்பது நல்லது. பொருளின் உயரத்தைக் குவியத்தூரத்தால் பெருக்கி, அது நிற்கும் தூரத்தால் வகுத்தால், சென்சரில் விழும் உருவத்தின் உயரம் கிடைக்கும். மன்னார்ப் பக்கத்து ஏரிகளிலும் சுண்டிக்குளத்திலும் மாரி காலத்தில் வந்து இறங்கும் பூநாரை ஏறத்தாழ 1.3 மீற்றர் உயரமானது என்று வைத்துக்கொள்வோம். அது நம்மிடமிருந்து 100 மீற்றர் தொலைவில் சேற்றில் நிற்கிறது. 300 மில்லிமீற்றர் லென்ஸில் அதன் உருவம் 3.9 மில்லிமீற்றர். விலை குறைந்த கெனன் கமெராக்களின் சென்சர் உயரம் 14.9 மில்லிமீற்றர் என்பதால், பறவை படத்தின் உயரத்தில் கால்வாசியைத்தான் பிடிக்கும். 600 மில்லிமீற்றர் லென்ஸில் அது பாதியளவுக்கு வரும். அதாவது, பல மடங்கு விலை கொடுத்து, ஒரு கிலோவுக்கு மேல் கூடுதல் பாரத்தைச் சுமந்து நாம் அடைவது இரண்டு மடங்கு உருவமே. பறவையைக் கலைக்காமல் 50 மீற்றருக்குள் போய் அமர முடிந்தால் 300 மில்லிமீற்றரே அந்த வேலையைச் செய்துவிடும். வீதியோர மின்கம்பியில் குந்தியிருக்கும் பனங்காடையை வாகனத்துக்குள் இருந்தபடியே 20 மீற்றரில் எடுக்கிறவருக்கு 600 தேவையே இல்லை. நந்திக்கடலின் நடுவில் நிற்கும் கூட்டத்தைக் கரையிலிருந்து எடுக்க விரும்புகிறவருக்கோ 600உம் போதாது. தவிர, நண்பகல் வெயிலில் அந்தத் தூரத்துக்கு இடையில் கொதிக்கும் காற்றின் கானல் எந்த விலையுயர்ந்த லென்ஸையும் கலங்கலாக்கிவிடும். தூரத்துப் பறவைகளைக் காலை எட்டு மணிக்கு முன்னர் எடுப்பதே பயனுள்ளது.

இந்த இடத்தில் எப்போதும் ஒரு குழப்பம் எழும். சிறிய சென்சர் கொண்ட கமெராவில் 300 மில்லிமீற்றர் லென்ஸ் 480 ஆக மாறும் என்று கடைக்காரர் சொல்வார். கெனனுக்கு 1.6, நிக்கனுக்கு 1.5 என்ற பெருக்கெண்ணை வைத்துச் சொல்லப்படும் இந்தக் கணக்குப் பிழையல்ல. ஆனால் லென்ஸ் எங்கும் நீளவில்லை. பெரிய படத்தின் நடுத்துண்டைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்ததைப் போல, சிறிய சென்சர் நடுப்பகுதியை மட்டும் பதிவுசெய்கிறது. பார்வைக் கோணம் 480 மில்லிமீற்றர் லென்ஸினுடையதைப் போல ஒடுங்குகிறது. தூரத்துப் பொருள்களை எடுக்கிறவருக்கு இது இலாபமாகவே முடிகிறது என்பதால், பறவைப் படத்துக்காக மட்டும் பெரிய சென்சர் கமெராவுக்கு மாற வேண்டும் என்று யாரும் அவசரப்படத் தேவையில்லை.

துவாரமும் வெளிச்சமும்

குவியத்தூரத்தை அடுத்து பொறிக்கப்பட்டிருக்கும் எஃப்/4–5.6 அல்லது எஃப்/2.8 என்ற எண்ணைப் புதியவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. என் அனுபவத்தில், பின்னால் ஏமாற்றத்தைத் தருவது இந்த எண்தான். குவியத்தூரத்தை இந்த எண்ணால் வகுத்தால், வெளிச்சம் உள்ளே நுழையும் வாயின் விட்டம் கிடைக்கும். 300ஐ 5.6ஆல் வகுத்தால் ஏறத்தாழ 54 மில்லிமீற்றர், 200ஐ 2.8ஆல் வகுத்தால் 71, 600ஐ 6.3ஆல் வகுத்தால் 95. டம்ரன், சிக்மா நிறுவனங்களின் 100–400 லென்ஸ்கள் இரண்டும் 400இல் எஃப்/6.3, கணக்குப்படி 63.5 மில்லிமீற்றர் வாய். அவற்றின் முகப்பில் பூட்டும் ஃபில்டரின் அளவு 67 மில்லிமீற்றர். சிக்மாவின் 150–600 கொன்டெம்பரரி லென்ஸின் ஃபில்டர் அளவோ சரியாக 95 மில்லிமீற்றர். முன்கண்ணாடி இதைவிடச் சிறிதாக இருக்க இயற்பியல் இடங்கொடாது. அகன்ற கண்ணாடிக்கு விலையும் கூட, பாரமும் கூட. வெளி நிறுவனங்கள் 600 மில்லிமீற்றர் லென்ஸைச் சாதாரண மனிதர் வாங்கக்கூடிய விலைக்குக் கொண்டுவந்தது எஃப்/4ஐ விட்டு எஃப்/6.3இல் நின்றுகொண்டதால்தான். 2013இன் இறுதியில் டம்ரன் அறிமுகப்படுத்திய 150–600 லென்ஸ் இந்த வழியைத் திறந்தது. அடுத்த ஆண்டே சிக்மா இரண்டு 150–600 லென்ஸ்களை அறிவித்தது.

எஃப்/2.8க்கும் எஃப்/5.6க்கும் இடையில் உள்ள வித்தியாசம் இரண்டு படிகள், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம். இது நடைமுறையில் எவ்வாறு தெரியும் என்பதற்கு நம் ஊர்ப் படப்பிடிப்பு வேலைகள் இரண்டைச் சொல்லலாம்.

பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டியின் இறுதி ஓட்டங்கள் பெரும்பாலும் பின்னேரத்தில்தான் நடக்கும். 1.6 மீற்றர் உயரமான ஓட்டக்காரர் 40 மீற்றர் தொலைவில் வரும்போது, 200 மில்லிமீற்றரிலேயே சென்சரில் 8 மில்லிமீற்றர், அதாவது படத்தின் பாதிக்குச் சற்று மேல் நிறைந்துவிடுவார். கால்கள் மங்காமல் நிற்க 1/1000 செக்கன் சட்டர் வேகம், அதாவது சென்சரில் வெளிச்சம் விழும் நேரம், வேண்டும். முகில் கவிந்த பின்னேர வெளிச்சத்தில் எஃப்/2.8 லென்ஸுக்கு ஐஎஸ்ஓ (சென்சரின் ஒளியுணர்வு அளவு) 400 போதுமானால், எஃப்/5.6 லென்ஸுக்கு 1600 வேண்டும். இன்றைய கமெராக்களில் 1600 தாங்கக்கூடிய அளவே; ஆகவே மலிவான 70–300 லென்ஸோடு இந்த வேலையைச் செய்து முடிக்கலாம்.

இரண்டாவது வேலை இரவில் நடப்பது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலன்று, மின்விளக்குகளின் கீழ் காவடியாட்டத்தைக் கூட்டத்துக்கு வெளியில் நின்று எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ 3200இல் எஃப்/2.8 லென்ஸ் 1/250 செக்கன் தருகிற இடத்தில், எஃப்/5.6 லென்ஸ் 1/60 மட்டுமே தரும். 1/60இல் சுழன்று ஆடுகிறவரின் முகம் கரைந்துபோகும். எந்த நடுக்கத் தடுப்பும் அதைக் காப்பாற்றாது. இத்தகைய வேலையை வருமானத்துக்காகச் செய்கிறவர் 300, 400 என்ற எண்களை மறந்துவிட்டு, சிக்மா அல்லது டம்ரனின் 70–200 எஃப்/2.8 லென்ஸ் ஒன்றைப் பாவித்த நிலையிலாவது தேடுவது மேல். கெனன், நிக்கனின் சொந்த 70–200 எஃப்/2.8 லென்ஸ்களோடு ஒப்பிடும்போது வெளி நிறுவனங்களின் உண்மையான பெறுமதி இந்த வகையில்தான் வெளிப்படுகிறது என்பது என் கருத்து.

வெளிச்சக் குறைவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. டிஎஸ்எல்ஆர் கமெராக்கள் பலவற்றின் ஓட்டோ போக்கஸ், எஃப்/5.6 வரைக்குமே உறுதியாக வேலைசெய்யும்படி அமைக்கப்பட்டது. எஃப்/6.3 லென்ஸ்கள் அந்த எல்லையைச் சற்றே தாண்டுகின்றன. வெயிலில் குறையொன்றும் தெரியாது; காட்டோர நிழலிலும் பொழுதுபடும் நேரத்திலும் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிப் பொருளைத் தேடத் தொடங்கும். இதற்கு மேல், லென்ஸுக்கும் கமெராவுக்கும் இடையில் வைத்து உருவத்தைப் பெரிதாக்கும் 1.4 மடங்கு டெலிகொன்வேட்டர் ஒன்றையும் பூட்டினால் இன்னொரு படி வெளிச்சம் போய், துவாரம் ஏறத்தாழ எஃப்/9 ஆகும். மலிவுவிலை டிஎஸ்எல்ஆர்களில் அதன்பின் ஓட்டோ போக்கஸை எதிர்பார்க்க முடியாது. அந்தப் பணத்தை எரிபொருளுக்குச் செலவழித்துப் பறவை அருகில் வரும் குளமொன்றைத் தேடிப் போகலாம்.

பொருந்துமா, ஓடுமா?

நான் முதலில் வாங்கிய டெலி சூம் லென்ஸ் வெளி நிறுவனமொன்றின் 70–300. பாவித்தது, விலையும் கைக்கு அடக்கமாக இருந்தது. அப்போது என்னிடம் இருந்தது நிக்கனின் தொடக்கநிலைக் கமெரா. லென்ஸ் அழகாகப் பூட்டிக்கொண்டது, படமும் எடுத்தது, ஆனால் போக்கஸ் அசையவில்லை. பழுதான லென்ஸைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று விற்றவருடன் சண்டைக்குப் போனேன். லென்ஸில் பழுதில்லை. அந்த லென்ஸுக்குள் மோட்டர் கிடையாது. என் கமெராவுக்குள்ளும் கிடையாது. இரண்டு ஆண்டுகள் கையாலேயே வளையத்தைத் திருப்பிப் படமெடுத்தேன். அதில் என் விரல்களுக்குப் பயிற்சி கிடைத்தது, படங்களில் பாதி வீணாயின.

இதன் காரணத்தை அறிந்துகொள்வது அவசியம். 1987இல் கெனன் புதிய மவுண்ட் (லென்ஸைக் கமெராவில் பூட்டும் அமைப்பு) ஒன்றை அறிமுகப்படுத்தியபோது, போக்கஸ் மோட்டரை லென்ஸுக்குள்ளேயே வைத்துவிட்டது. அதனால் கெனனுக்கென்று செய்யப்பட்ட வெளி நிறுவன ஓட்டோ போக்கஸ் லென்ஸ்களிலும் மோட்டர் உள்ளேயே இருக்கும். நிக்கனின் மவுண்டோ 1959ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து வருவது. அதன் பழைய ஓட்டோ போக்கஸ் லென்ஸ்களைக் கமெராவுக்குள் இருக்கும் மோட்டர், சிறிய திருகாணி ஒன்றின் வழியாகச் சுழற்றும். டி90, டி7000 போன்ற கமெராக்களில் இந்த மோட்டர் உண்டு. டி40, டி60, டி3000 வரிசை, டி5000 வரிசை ஆகியவற்றில் இல்லை. நம் பக்கத்தில் அதிகமாகப் புழங்கும் நிக்கன் கமெராக்கள் இந்த இரண்டாம் வகையினவே என்பதால், பாவித்த லென்ஸ் வாங்குகிறவர்கள் உள்ளே மோட்டர் உண்டா என்பதை முதலில் கேட்க வேண்டும். ஒரே பெயரில் வெளிவந்த ஒரு லென்ஸுக்குக் கூட, மோட்டர் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு பதிப்புகள் இருக்கலாம்.

கெனன் மவுண்ட் லென்ஸ் நிக்கனில் பூட்டாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆயினும் லென்ஸின் பெட்டியில் டம்ரன் என்று இருப்பதைப் பார்த்து, எல்லாக் கமெராவுக்கும் பொதுவானது என்று நம்பி வாங்கியவர்களை நேரில் கண்டிருக்கிறேன். எந்தக் கமெராவுக்கான மவுண்ட் என்பதைப் பெட்டியிலும், லென்ஸின் பின்புற உலோக வளையத்தைப் பார்த்தும் உறுதிசெய்ய வேண்டும். சென்சர் அளவையும் லென்ஸிலுள்ள எழுத்துகளே சொல்லிவிடும்: சிக்மாவில் டிசி என்றிருந்தால் சிறிய சென்சருக்கு மட்டும், டிஜி என்றிருந்தால் இரண்டுக்கும், டம்ரனில் டிஐ என்பதையடுத்து ரோமன் இரண்டு இருந்தால் சிறிய சென்சருக்கு, வெறும் டிஐ என்றிருந்தால் இரண்டுக்கும்.

பொருத்தத்தில் இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. கமெராவும் லென்ஸும் மின்தொடுகைகளின் வழியாகத் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழியை, டிஎஸ்எல்ஆர் காலத்தில் கெனனும் நிக்கனும் வெளி நிறுவனங்களுக்குப் பொதுவாக எழுதிக் கொடுத்ததில்லை. வெளி நிறுவனங்கள் அந்த உரையாடலை ஒட்டுக்கேட்டுத் தாங்களாகவே விளங்கிக்கொண்டு லென்ஸ் செய்தன. கமெரா நிறுவனம் பின்னர் வெளியிடும் புதிய கமெராவில் ஒரு சொல் மாறினாலும் பழைய வெளி நிறுவன லென்ஸ் திகைத்து நின்றுவிடக்கூடும். பிலிம் காலத்தில் கெனனுக்கென்று செய்யப்பட்ட சில வெளி நிறுவன லென்ஸ்கள், டிஜிற்றல் கமெராவில் துவாரத்தைச் சுருக்கியதும் பிழைச்செய்தி காட்டி நின்றுபோவது இதனால்தான். அண்மைக்கால லென்ஸ்களுக்கு மருந்து உண்டு: சிக்மாவின் யூஎஸ்பி டொக், டம்ரனின் டெப்-இன் கொன்சோல் என்ற சிறிய கருவிகள் மூலம், அவற்றை ஏற்கும் லென்ஸ்களின் உள்மென்பொருளைக் கணினியில் இணைத்துப் புதுப்பிக்கலாம். கருவி தனியாக வாங்க வேண்டியது. லென்ஸ் விலையைக் கணக்கிடும்போது இதனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நடுக்கம்

கையில் பிடித்து எடுக்கும்போது, சட்டர் வேகம் குவியத்தூரத்தின் தலைகீழ் எண்ணுக்குக் குறையக்கூடாது என்பது பழைய விதி. சிறிய சென்சர் கமெராவில் 300 மில்லிமீற்றருக்கு 1/300 போதாது. பெருக்கெண்ணையும் சேர்த்து 1/500 அளவு வேண்டும். நல்ல வெயிலில் இது எளிது. எஃப்/5.6இல், ஐஎஸ்ஓ 100இலேயே 1/800 கிடைக்கும். மரநிழலில் இதே வேகம் கிடைக்காது. அப்போதுதான் நடுக்கத் தடுப்பின் அருமை தெரியும். லென்ஸுக்குள் இருக்கும் வில்லைக் கூட்டம் ஒன்று கையின் அசைவுக்கு எதிராக அசைந்து உருவத்தை நிலைப்படுத்துகிறது. இதனைக் கெனன் ஐஎஸ் என்றும், நிக்கன் விஆர் என்றும், சிக்மா ஓஎஸ் என்றும், டம்ரன் விசி என்றும் அழைக்கின்றன. தயாரிப்பாளர்கள் மூன்று நான்கு படிகள் என்று சொல்வதில் ஒரு படியைத் தள்ளுபடி செய்துவிட்டு எடுத்துக்கொண்டாலும், 1/500 தேவைப்பட்ட இடத்தில் 1/125 அல்லது 1/60இல் அசையாப் பொருளை எடுக்கலாம்.

வெளி நிறுவனங்களின் மிக மலிவான 70–300 லென்ஸ்களில் விட்டுவிடப்பட்டிருப்பது இந்தத் தடுப்பே. அவற்றைப் பார்த்ததும் விலை கண்ணைப் பறிக்கும். ஆனால் 300 மில்லிமீற்றரில் பார்வைத் துளை வழியாகப் பார்க்கும்போது பறவை துள்ளிக்கொண்டே இருக்கும். போக்கஸ் புள்ளியை அதன் கண்ணில் நிறுத்தவே முடியாது. தடுப்பு உள்ள லென்ஸில் சட்டரைப் பாதி அழுத்தியதும் காட்சி ஒட்டிக்கொண்டதைப் போல நிற்கும். இந்த வித்தியாசத்தை ஒருமுறை கண்டவர் மீண்டும் தடுப்பில்லாத லென்ஸுக்குப் போகமாட்டார். 2010இல் வெளிவந்த டம்ரனின் 70–300 விசி யூஎஸ்டி லென்ஸ் தொடக்கநிலையினருக்குப் பலரால் பரிந்துரைக்கப்பட்டதற்கு, நடுக்கத் தடுப்பும் சத்தமில்லாத மோட்டரும் ஒரே லென்ஸில் நியாயமான விலைக்குக் கிடைத்ததே காரணம். அதே நிறுவனத்தின் தடுப்பில்லாத 70–300 ஒன்றும் சந்தையில் உண்டு. விளம்பரத்தில் எண்ணை மட்டும் பார்த்து மாறிப்போகக் கூடாது. முக்காலியில் உறுதியாகப் பூட்டிய பின்னர் தடுப்பை நிறுத்திவைப்பது பொதுவாக நல்ல பழக்கம்.

கூர்மையைப் பற்றி இணையத்தில் நீளமாக விவாதிப்பார்கள். சுருக்கம் இதுதான்: பெரும்பாலான மலிவு டெலி சூம் லென்ஸ்கள் 200 வரை நன்றாக இருந்து, 300ஐ நெருங்கும்போது மென்மையாகும், துவாரத்தை எஃப்/8க்குச் சுருக்கினால் தேறிவிடும். இருண்ட பனங்கூடலுக்கு முன்னால் பறக்கும் வெள்ளைக் கொக்கின் ஓரத்தில் ஊதா நிறக் கோடு தெரிந்தால், அது நிறப்பிரிகை. குறைந்த நிறப்பிரிகைக் கண்ணாடியைப் பயன்படுத்திய லென்ஸ்களில் இது குறைவு. கணினியிலும் பெருமளவு போக்கிவிடலாம்.

18–400 போன்ற, ஒரே லென்ஸில் எல்லாவற்றையும் தருவதாகச் சொல்லும் வகைகளைப் பயணம் போகிறவர்களுக்கு விட்டுவிடுவோம்.

தூசு, உப்பு, பூஞ்சணம்

ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் எழுதப்படும் லென்ஸ் மதிப்பீடுகளில் வன்னிக்கு வேண்டிய செய்தி ஒன்று போதிய அழுத்தம் பெறுவதில்லை. நம் பகுதியில் லென்ஸைக் கெடுப்பவை விழுந்து உடைவதைவிடச் சோளகக் காற்றில் எழும் கிரவல் வீதித் தூசும், முல்லைத்தீவுக் கடற்கரையின் உப்புக் காற்றும், மாரியின் ஈரமும்தான். சூம் செய்யும்போது குழல் வெளியே நீளும் லென்ஸ், நீளும்போது காற்றை உள்ளே இழுக்கும். காற்றோடு தூசும் போகும். விலை கூடிய லென்ஸ்களில் மவுண்டிலும் இணைப்புகளிலும் இறப்பர் வளையங்கள் இருக்கும். சிக்மாவின் இரண்டு 150–600 லென்ஸ்களுக்கும் இடையில், 1,930 கிராமுக்கும் 2,860 கிராமுக்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு பங்கு இத்தகைய காப்புக்கும் உலோகக் குழலுக்கும் உரியது. கழுத்தில் தொங்கவிட்டுக் குளக்கட்டில் நடக்கிறவருக்கு அந்த ஒரு கிலோ பெரிய வித்தியாசம். நான் எடை குறைந்ததையே தெரிவுசெய்து, சோளக நாட்களில் பழைய சாரத் துணியால் குழலைச் சுற்றிக்கொள்வேன். பார்க்க அழகாக இராது.

பூஞ்சணம் இன்னும் கொடியது. ஐப்பசி முதல் தை வரை லென்ஸைத் தோல் பையில் பூட்டி அலுமாரிக்குள் வைத்தால், மறுபடி எடுக்கும்போது கண்ணாடியில் சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் படர்ந்திருக்கக்கூடும். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, வாரம் ஒருமுறையாவது வெளிச்சத்துக்கு எடுக்க வேண்டும். பொட்டலம் ஈரத்தைக் குடித்துவிட்டால் மாற்ற வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கம் தூசையே கொண்டுவரும்.

பாவித்ததை வாங்கும்போது

டிஎஸ்எல்ஆருக்கான புதிய லென்ஸ்கள் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. 2018இல் கெனனும் நிக்கனும் கண்ணாடியில்லாக் (மிரர்லெஸ்) கமெராக்களுக்கென்று புதிய மவுண்டுகளை வெளியிட்ட பின்னர், வெளி நிறுவனங்களின் கவனமும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இதனால் நல்ல டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் பாவித்த சந்தைக்கு இறங்கி வந்திருக்கின்றன. நம்மைப் போன்றவர்களுக்கு இது நல்ல காலம். நாளைக்குக் கண்ணாடியில்லாக் கமெராவுக்கு மாறினாலும் இணைப்பு வளையத்தின் மூலம் இவற்றில் பலவற்றைத் தொடர்ந்து பாவிக்கலாம். ஆனால் நிக்கனின் எஃப்டிஸெட் இணைப்பில் பழைய திருகாணி லென்ஸ்களைச் சுழற்றும் மோட்டர் கிடையாது.

பாவித்த லென்ஸைக் கையில் வாங்கியதும் இரண்டு மூடிகளையும் கழற்றி, துவாரத்தை முழுதாகத் திறந்து, கைபேசி ரோர்ச்சின் ஒளியை ஒரு பக்கத்திலிருந்து சாய்வாகப் பாய்ச்சி மறுபக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். சில தூசித் துகள்கள் எந்த லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது. இழையிழையாகவோ பனிமூட்டம் போலவோ ஏதும் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்தால் குழல் தானாகவே வழுகி நீளுகிறதா என்று பாருங்கள். அது பழுதல்ல, ஆனால் விலை பேச உதவும். சூம் வளையம் ஓரிடத்தில் இறுகி இன்னோரிடத்தில் தளர்ந்திருந்தால், விழுந்த லென்ஸாக இருக்கக்கூடும்.

அடுத்தது போக்கஸ் சோதனை. வெளி நிறுவன லென்ஸ்களைப் பற்றி எழும் முறைப்பாடுகளில் பெரும்பகுதி, போக்கஸ் பொருளுக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ விழுகிறது என்பதே. கமெராவை அசையாமல் மேசையில் வைத்து, எழுத்துள்ள பொருள் ஒன்றைப் பார்வைத் துளை வழியாக ஓட்டோ போக்கஸ் செய்து எடுங்கள். பின் அதே பொருளைக் கமெராவின் திரையில் பார்த்தபடி, லைவ் வியூ முறையில் எடுங்கள். லைவ் வியூவில் போக்கஸ் சென்சரில் விழும் உருவத்தைக் கொண்டே சரிபார்க்கப்படுகிறது. பார்வைத் துளை முறையில் அது தனியான உணரி ஒன்றை நம்பியிருக்கிறது. திரை வழியாக எடுத்த படம் கூர்மையாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால், கண்ணாடி நல்லது, சீரமைப்புத்தான் பிசகியிருக்கிறது. உயர்நிலைக் கமெராக்களில் இதனைத் திருத்தும் வசதி மெனுவிலேயே இருக்கும். தொடக்கநிலைக் கமெராக்களில் இல்லை. மேற்சொன்ன டொக் அல்லது கொன்சோலை ஏற்கும் லென்ஸாக இருந்தால் அதன் மூலம் திருத்தலாம். இரண்டும் இல்லையென்றால் அந்த லென்ஸை விட்டுவிடுங்கள். இரண்டு படங்களும் மங்கலாக இருந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை.

புதிதாக வாங்குகிறவர் உத்தரவாதம் யாருடையது என்று கேட்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முகவரின் உத்தரவாதமா, கடைக்காரர் தானே எழுதித் தருவதா என்பதில் பெரிய வேறுபாடு உண்டு. இரண்டானாலும் கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் ஏ9 வீதியால் கொழும்புக்குப் போய்த்தான் திருத்த வேண்டியிருக்கும். ஆகவே வாங்கும் நாளிலேயே சோதனையை முடித்துவிட வேண்டும். சொந்தக் கமெராவையும், மின்னேற்றிய பற்றரியையும், வெற்று மெமரி கார்ட் ஒன்றையும் கொண்டு போங்கள். கடை வாசலில் நின்று, வீதியின் மறுபக்கத்துப் பெயர்ப்பலகையை லென்ஸின் கடைசி மில்லிமீற்றரில், முழுத் துவாரத்தில் ஒன்றும் எஃப்/8இல் ஒன்றுமாக எடுத்து, நான்கு மூலைகளையும் திரையில் பெருப்பித்துப் பாருங்கள். ஒரு பக்க எழுத்துகள் கூர்மையாகவும் மறுபக்கத்தவை கலங்கியும் தெரிந்தால், உள்ளே வில்லை ஒன்று சரிந்திருக்கிறது என்று பொருள். அதே வகை லென்ஸில் இன்னொன்றை எடுத்துத் தரும்படி கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.